காய்ச்சல் லெட்டர்

கொஞ்சம் நீளமான பதிவு. ஓய்வு பெற்ற வாத்தியாருக்கு வேறு என்ன வேலை என்று பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு பழைய ஃபைல் அகப்பட்டது. கிளிப் துருப்பிடித்துக் காகிதத்தில் பழுப்பு வட்டம் விழுந்திருந்தது. உள்ளே எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கொடுத்த லீவ் லெட்டர்கள், அறுபது எழுபது இருக்கும். ஒவ்வொன்றாகப் புரட்டினேன். அத்தனை பிள்ளைகளுக்கும் ஒரே நோய். “அஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்...” நீங்களும் எழுதியிருப்பீர்கள், நானும் எழுதியிருக்கிறேன். தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன யாருக்கும் அந்த வரி தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும்.

அதில் ஒரு கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்துவிட்டேன். 2009 என்று நினைவு. ஒரு பெண் மூன்று நாள் வரவில்லை. நாலாம் நாள் கடிதத்தை நீட்டினாள். காய்ச்சல் என்றிருந்தது. எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. நானும் ‘குட்’ போட்டுக் கையெழுத்திட்டேன். பக்கத்துப் பிள்ளைதான் சொன்னாள்: “அவங்க அப்பாயி செத்துப்போச்சு சார்.”

“ஏம்மா, காய்ச்சல்னு எழுதியிருக்கியே?” என்றேன்.

“அந்த லெட்டர்தான் சார் தெரியும். வேற எழுதுனா தப்பாயிடும்ல.”

அப்போது எனக்கு ஏறக்குறைய இருபத்தைந்து வருட சர்வீஸ். வளர்த்த பாட்டி இறந்ததைக்கூட ஒரு பிள்ளை என்னிடம் சொல்ல முடியாமல், தெரிந்த பொய்யைப் பிழையில்லாமல் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறது. அதற்கு நான் ‘குட்’ போட்டிருக்கிறேன்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று அன்றைக்கே யோசித்தேன். படிக்க நேரம் கிடைத்தது ஓய்வுக்குப் பிறகுதான். மகள் எம்.எட். படித்தபோது அவளுடைய புத்தகங்களை நானும் புரட்டினேன். எழுதுவதற்குப் பயப்படுவதை அளந்து பார்க்கலாம் என்று 1975-லேயே அமெரிக்காவில் டேலி, மில்லர் என்ற இருவர் ஒரு கேள்வித்தாள் தயாரித்திருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அவர்கள் சோதித்தது ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்த கல்லூரிப் பிள்ளைகளை! சொந்த மொழியில் எழுதவே அவர்களில் பலர் நடுங்கியிருக்கிறார்கள். பிறகு 2004-ல் தைவானைச் சேர்ந்த செங் என்ற ஆய்வாளர் ஆங்கிலத்தை அயல்மொழியாகப் படிக்கும் பிள்ளைகளுக்கென்று தனியாக 22 வாக்கியங்கள் கொண்ட ஒரு கேள்வித்தாள் தயாரித்தார். அவர் கணக்கில் இந்தப் பயம் மூன்று விதமாக வெளிப்படும். உடம்பில் தெரிவது ஒன்று: கை வியர்க்கும், நெஞ்சு அடிக்கும். மனசில் ஓடுவது ஒன்று: மற்றவர்கள் படித்தால் சிரிப்பார்களோ, மார்க் போய்விடுமோ. மூன்றாவது, தப்பித்துக்கொள்வது. எழுதாமலே இருக்கப் பார்ப்பது, எழுதித்தான் ஆகவேண்டும் என்றால் தமிழுக்கு நழுவுவது.

இந்த மூன்றாவதைப் படித்ததும் காய்ச்சல் லெட்டர் ஞாபகம் வந்தது. எழுதாமல் இருப்பது மட்டும்தான் தப்பிப்பதா? மனப்பாடமாக எழுதுவதும் தப்பிப்பதுதான். அதை நாமே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து மார்க்கும் போட்டிருக்கிறோம். இது எப்போது தொடங்கியது என்று பின்னோக்கிப் போய்ப் பார்த்தேன். எனக்குக் கிடைத்ததைச் சொல்கிறேன்.

ஆங்கிலேயர் பள்ளிகளுக்கு முன்னால் நம் ஊரில் இருந்தவை திண்ணைப் பள்ளிகள். சென்னை மாகாணத்தில் எத்தனை பள்ளி இருக்கிறது என்று கவர்னர் தாமஸ் மன்றோ 1822-ல் கணக்கெடுக்கச் சொன்னார். 12,498 என்று கணக்கு வந்தது. அங்கே பிள்ளை முதலில் எழுதியது மணலில். தரையில் மணலைப் பரப்பி விரலால் ‘அ’ போடுவான். தப்பா? உள்ளங்கையால் ஒரு தடவு, மணல் சமமாகிவிடும். மறுபடி எழுதுவான். கை பழகிய பிறகுதான் ஓலையும் எழுத்தாணியும்.

திண்ணைப் பள்ளியைத் தலையில் தூக்கி வைத்து ஆடுபவன் இல்லை நான். பிரம்படி, கோதண்டம் என்று தண்டனைகள் கொடூரம். எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் அங்கே இடம் கிடையாது. என் தாத்தாவுக்கே கிடைக்கவில்லை. ஆனால் அந்த மணல் நல்ல யோசனை. முதல் தப்புக்குச் சாட்சியே இருக்காது.

இந்த மணல் கப்பலேறி இங்கிலாந்து போன கதை பலருக்குத் தெரியாது. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789 முதல் எழும்பூரில் இருந்த படைவீரர் அநாதைச் சிறுவர் பள்ளியை நடத்தினார். நம் ஊர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக்கொடுப்பது, அதாவது நம் சட்டாம்பிள்ளை முறை, அவருடைய பள்ளிக்கும் வந்தது. ஊருக்குத் திரும்பியதும் 1797-ல் இதையெல்லாம் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். அங்கே அதற்குப் பெயரே ‘மெட்ராஸ் முறை’. இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகள் பலர் ஆங்கில எழுத்துகளை மணல் தட்டில் விரலால் எழுதித்தான் கற்றார்கள். பெல் விட்டுச்சென்ற பணத்தில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் கட்டிய பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் காலேஜ் என்றுதான் பெயர். ஆங்கிலேயப் பிள்ளைக்கே ஆங்கிலம் எழுத நம் ஊர் மணல் போயிருக்கிறது. ஆனால் நம் பிள்ளை ஆங்கிலம் எழுதத் தொடங்கியபோது மணல் கிடைக்கவில்லை. மையும் பரீட்சைத் தாளும்தான் கிடைத்தன.

1835 பிப்ரவரியில் மெக்காலே குறிப்பு எழுதினார், அடுத்த மாதமே கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் அதை ஏற்றார் என்பது எல்லாரும் படித்ததுதான். என் பார்வையில் அதைவிடப் பெரிய திருப்பம் 1844. அந்த வருடம்தான் ஹார்டிஞ்ச் பிரபு, அரசு வேலையில் ஆங்கிலம் படித்தவர்களுக்கு முன்னுரிமை என்று உத்தரவு போட்டார். அன்றுமுதல் ஆங்கிலம் என்பது சோறு. 1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது. மெட்ரிகுலேஷன் தேறாமல் கல்லூரிக்குள் கால் வைக்க முடியாது. ஆங்கிலம் அதில் கட்டாயம். ஆங்கிலத் தாள் மட்டுமல்ல, கணக்கையும் சரித்திரத்தையும்கூட ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். அசோகரைப் பற்றித் தெரியுமா என்பதோடு, அசோகரைப் பற்றி இங்கிலீஷில் பிழையில்லாமல் எழுதத் தெரியுமா என்பதும் சேர்ந்துகொண்டது.

முதல் பி.ஏ. பட்டதாரிகள் 1858-ல் வந்தார்கள். சி.வை. தாமோதரம் பிள்ளை, விசுவநாத பிள்ளை. இரண்டு பேரும் யாழ்ப்பாணத்தவர், வட்டுக்கோட்டை செமினரியில் படித்தவர்கள். அவர்களைப் போலக் கரையேறியவர்களை நாம் பேர் சொல்லிக் கொண்டாடுகிறோம். ஏறாதவர்கள் எத்தனையோ பேர். ‘பி.ஏ. ஃபெயில்’ என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொண்டவர்களைப் பற்றிப் பெரியவர்கள் சிரித்துக்கொண்டே சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. அவ்வளவு தூரம் போய் எழுதியதே பெருமை என்று அந்த மனுஷன் நினைத்திருக்கிறான்.

வேலையும் மானமும் ஒரு தாளில் தொங்கினால் யாராவது சொந்தமாக எழுதிப் பார்ப்பார்களா? நோட்ஸ் வந்தது, மாதிரிக் கட்டுரைகள் வந்தன, மனப்பாடம் வந்தது. பிறகு கர்சன் பிரபு வந்து, இந்திய மாணவர்கள் உருப்போடுகிறார்கள் என்று குறை சொன்னார். பரீட்சையை அப்படி வைத்தது யாராம்?

இந்த இடத்தில் எங்கள் ஊர்க்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கும்பகோணத்தில் காவிரிக்கரையில் இருக்கும் அரசுக் கல்லூரியைத் தென்னாட்டு கேம்பிரிட்ஜ் என்பார்கள். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு 1905-ஆம் வருடம்தான் நினைவுக்கு வரும்.

சீனிவாச ராமானுஜன் டவுன் ஹைஸ்கூலில் படித்து மெட்ரிகுலேஷன் தேறி, 1904-ல் உதவித்தொகையோடு அந்தக் கல்லூரியில் எஃப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். அந்த உதவித்தொகை வழக்கமாகக் கணக்கிலும் ஆங்கிலத்திலும் தேர்ச்சி உள்ளவர்களுக்குத் தருவது. கவனியுங்கள், ஆங்கிலம் அறவே தெரியாதவர் அல்ல அவர். ஆனால் கல்லூரியில் கணக்கைத் தவிர வேறெதையும் தொடவில்லை. ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தோற்றார். உதவித்தொகை போயிற்று. வீட்டில் கஷ்டம். 1905 ஆகஸ்டில், பதினேழு வயதில், யாரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ரயிலேறிவிட்டார். பையனைக் காணவில்லை என்று ‘தி இந்து’ பத்திரிகையில் அறிவிப்பு வந்தது. பிறகு சென்னையில் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கும் எஃப்.ஏ. தேறவில்லை, 1907-ல் தனியாக எழுதியும் தேறவில்லை. இந்தத் தோல்விகளுக்கு ஆங்கிலம் மட்டும் காரணமில்லை, உடலியல் பாடமும் அவரைக் கவிழ்த்தது. அவருக்கு அந்தப் பாடங்களில் மனசு ஓடவில்லை என்பதும் உண்மை. எல்லாப் பழியையும் ஆங்கிலத்தின் மேல் போட நான் தயாரில்லை. ஆனால் முதல் அடி அந்தக் கட்டுரைத் தாளில் விழுந்தது.

அவர் கணக்கை எதில் போட்டார் தெரியுமா? சிலேட்டில். காகிதம் வாங்கக் கட்டுப்படியாகாது. போட்டுப் போட்டு முழங்கையாலேயே அழிப்பாராம். துணி எடுக்கப் பொறுமை இல்லை. முடிவு மட்டும் நோட்டில் ஏறும். அந்த நோட்டுகளைத்தான் உலகத்துக் கணித அறிஞர்கள் இன்றுவரை துருவிக்கொண்டிருக்கிறார்கள். கணக்கில் அவருக்கு ஆயிரம் தடவை அழிக்க இடம் இருந்தது. ஆங்கிலத்தில் ஒரே தடவை, மூன்று மணி நேரம், மை.

இதற்குப் பிறகு நடந்ததுதான் ஒரு வாத்தியாராக எனக்கு முக்கியம். 1911-ல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் அவருடைய முதல் கட்டுரை வந்தது. எழுதிய விதம் மற்றவர்களுக்கு விளங்கவில்லை. ஆசிரியராக இருந்த நாராயண ஐயங்கார் அதைத் திரும்பத் திரும்ப அனுப்பித் தெளிவாக்க வேண்டியிருந்தது. இவனுக்கு எழுத வராது என்று அவர் தூக்கிப் போடவில்லை. உள்ளே இருந்த விஷயம் அவருக்குத் தெரிந்தது. 1912 மார்ச்சில் மெட்ராஸ் போர்ட் டிரஸ்டில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா வேலை. அங்கே மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயர், கல்லூரிப் பேராசிரியர் சேஷு ஐயர் போன்றவர்கள் பக்கத்தில் நின்றார்கள். கேம்பிரிட்ஜில் பேக்கர், ஹாப்சன் என்ற இரண்டு பெரிய பேராசிரியர்களுக்குக் கடிதம் போனது. இருவரும் கண்டுகொள்ளவில்லை. 1913 ஜனவரி 16-ஆம் தேதியிட்டு மூன்றாவதாக ஹார்டிக்குப் போனது. பிப்ரவரி 8-ஆம் தேதி அவர் பதில் எழுதினார்.

எட்டு வருடத்துக்கு முன் ஆங்கிலக் கட்டுரையில் தோற்ற பையன் எழுதிய ஆங்கிலக் கடிதம் அது. அதன் ஆங்கிலத்தில் இந்தப் பெரியவர்களின் கை இருந்திருக்கும் என்கிறார்கள். இருக்கட்டுமே. பக்கத்தில் உட்கார்ந்து படித்துப் பார்க்க ஆளிருந்தால் எழுதுகிறவனுக்கு அது வெட்கமா? ஹார்டி அந்தக் கடிதத்தில் பிரிபொசிஷன் சரியாக இருக்கிறதா என்றா பார்த்தார்? இந்தச் சூத்திரம் எப்படி வந்தது, நிரூபணம் அனுப்பு என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்க ஓர் ஆள் அமைந்தது பெரிய பாக்கியம். கும்பகோணத்துப் பரீட்சைத் தாளில் அப்படிக் கேட்பவர் யாரும் இல்லை.

இனி என் காலத்துக்கு வருகிறேன். நான் மூன்றாம் வகுப்பில் ஆங்கிலம் தொடங்கியவன். எங்கள் வாத்தியார் துணிப்பையில் பேனா, பந்து, டம்ளர் எல்லாம் கொண்டு வருவார். ஒன்றை எடுத்துக் காட்டி “திஸ் இஸ் எ பால்” என்பார், நாங்கள் கத்துவோம். அது அவர் சொந்த யோசனை என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். 1959-ல் சென்னை மாநிலத்தில் பெரிய பயிற்சித் திட்டம் ஒன்று தொடங்கியிருக்கிறது. தொடக்கப் பள்ளிகளில் ஆங்கிலம் சொல்லித்தரும் 27,000 ஆசிரியர்களை மறுபடி பயிற்றுவிப்பது இலக்கு. முதலில் கொஞ்சம் பேருக்குப் பயிற்சி, அவர்கள் போய் மற்றவர்களுக்கு, அவர்கள் இன்னும் பலருக்கு. உருள உருளப் பெருகும் பனிப்பந்துபோல என்று ‘மெட்ராஸ் ஸ்நோபால்’ எனப் பெயர் வைத்தார்கள். நம் வெயிலில் பனிப்பந்து! உருண்டு கிராமத்துக்கு வந்து சேர்வதற்குள் பாதி உருகித்தான் இருக்கும். இருந்தாலும் எங்கள் வாத்தியாரின் துணிப்பை அதன் மிச்சம்தான் என்று நினைக்கிறேன். வாயால் சொல்வதற்கு அது நன்றாகவே உதவியது. எழுத்து என்று வந்தால் நாலுகோடு நோட்டு, காப்பி ரைட்டிங், அவ்வளவுதான்.

பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி.யில் ‘எ விசிட் டு எ ஹில் ஸ்டேஷன்’ கட்டுரையைப் பக்கம் பக்கமாக எழுதினேன். அதுவரை நான் ஏறிய ஒரே மலை சுவாமிமலை. அது அறுபது படிக்கட்டு. ஏன் சுவாமிமலையைப் பற்றி எழுதவில்லை? அந்தப் பெண் சொன்ன அதே பதில்தான்: தப்பாயிடும்.

பிறகு ஆசிரியர் பயிற்சி. 1984-ல் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் வேலை. என்னிடம் சிவப்பு மைப் பேனா வந்து சேர்ந்தது. நான் நல்ல வாத்தியார் என்று ஊரில் பெயர். ஒரு பிழை விடமாட்டேன். நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது மாரியம்மன் கோயில் தீமிதிக் குழி மாதிரி சிவந்திருக்கும். அதோடு விட்டேனா? நல்ல பிழையாகப் பார்த்து எடுத்து வகுப்பில் உரக்கப் படிப்பேன். மற்றவர்கள் அந்தத் தப்பைச் செய்யாமல் இருக்க வேண்டுமே என்ற நல்லெண்ணம்!

1996 வாக்கில், வீட்டைப் பற்றி நாலு வாக்கியம் சொந்தமாக எழுதச் சொன்னேன். ஒரு பையன் நிஜமாகவே சொந்தமாக எழுதினான். ஞாயிற்றுக்கிழமை அம்மா சிக்கன் சமைப்பார் என்று எழுத வந்தவன், எழுத்து மாறி “மை மதர் குக்ஸ் கிட்சன் ஆன் சண்டே” என்று எழுதிவிட்டான். நான் படித்தேன். “டேய், உங்கம்மா அடுப்பங்கரையையே சமைச்சிடுவாங்களா?” என்று வேறு கேட்டேன். வகுப்பே உருண்டு சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றோடு அவன் பெயர் ‘கிட்சன்’ ஆகிவிட்டது. மைதானத்தில், டீக்கடையில், தண்ணீர்க் குழாயடியில் எல்லாம் கிட்சன். அதற்குப் பிறகு என் வகுப்பில் அவன் சொந்தமாக ஒரு வரி எழுதவில்லை. கொடுத்ததை மனப்பாடம் செய்து எழுதினான். நானும் பையன் திருந்திவிட்டான் என்று மார்க் போட்டேன்.

பிழை திருத்தத்தைப் பற்றி அந்த வருடமே, 1996-லேயே, தைவானில் வேலை பார்த்த டிரஸ்காட் என்பவர் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். பிறமொழியில் எழுதும் பிள்ளைகளின் இலக்கணப் பிழைகளைத் திருத்துவதால் பயனில்லை, கெடுதல் உண்டு, விட்டுவிடுங்கள் என்றார். பெரிய சண்டையாகிவிட்டது. டானா ஃபெரிஸ் என்ற அம்மையார் 1999-ல் மறுத்து எழுதினார். திருத்துகிற விதத்தில் திருத்தினால் பலன் உண்டு, பிள்ளைகளும் அதைக் கேட்கிறார்கள் என்பது அவர் கட்சி. நான் ஃபெரிஸ் அம்மையார் பக்கம். ஆனால் என் சிவப்புப் பேனாவைப் பொறுத்தவரை டிரஸ்காட் சொன்னது சரி.

நம் பக்கத்திலேயே அதற்கு முன்னால் ஒரு சோதனை நடந்திருக்கிறது. 1979 முதல் 1984 வரை என்.எஸ். பிரபு என்பவர் பெங்களூரு, சென்னை உட்படச் சில ஊர்களின் சாதாரணப் பள்ளிகளில் செய்து பார்த்தது. இலக்கணப் பாடம் கிடையாது. ரயில் கால அட்டவணையைக் கொடுத்துக் கேள்வி, வரைபடத்தைக் கொடுத்து வழி. பிள்ளையின் கவனம் விஷயத்தில் இருக்கட்டும், மொழி பின்னாலேயே வரும் என்பது அவர் நம்பிக்கை. பிழை வந்தால் போகிற போக்கில் சரியானதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நான் பயிற்சியில் இருந்த காலத்தில் நம் மாநிலத்திலேயே இது நடந்திருக்கிறது. என் காதுக்கு எட்டவில்லை. பனிப்பந்து இந்தத் தடவை உருளவே இல்லை போலிருக்கிறது.

எனக்குப் புத்தி வந்தது கீழ் வகுப்புகளைப் பார்த்து. 2007-08-ல் நம் அரசுத் தொடக்க வகுப்புகளுக்குச் செயல்வழிக் கற்றல் வந்தது. அட்டை, ஏணிப்படி என்று பல விஷயம். பலர் திட்டினார்கள், நானும் சிலதைத் திட்டினேன். ஆனால் சுவரைச் சுற்றித் தரையோடு ஒட்டி, பிள்ளை உட்கார்ந்தே எழுதும் உயரத்தில், கரும்பலகை அடித்தார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி இடம். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் எட்டிப் பார்த்தேன். ஒரு மூன்றாம் வகுப்புக் குழந்தை ‘எலிஃபன்ட்’ எழுதுகிறது. எழுதும், பார்க்கும், பாவாடை நுனியால் அழிக்கும், மறுபடி எழுதும். ஐந்து தடவை. முகத்தில் பயமே இல்லை. என் எட்டாம் வகுப்பில் அந்த முகத்தை நான் பார்த்ததே கிடையாது.

காய்ச்சல் லெட்டர் வந்தது அதற்கு அடுத்த வருடம். அந்தப் பெண்ணிடம் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்து, “நடந்ததை எழுதும்மா. பென்சில்ல எழுது. இங்கிலீஷ் வார்த்தை வரலேன்னா தமிழ்லயே போடு. நான் சிவப்புப் பேனா எடுக்க மாட்டேன்” என்றேன். நம்பவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் கொண்டுவந்தாள். என் ஞாபகத்தில் இருப்பது இதுதான்: “மை அப்பாயி டெட். ஐ கம் நோ ஸ்கூல் த்ரீ டேஸ். ஐ ஹோல்ட் நெய்ப்பந்தம்.” நெய்ப்பந்தம் மட்டும் தமிழ் எழுத்தில்.

பழக்க தோஷத்தில் கை சட்டைப்பைக்குப் போய்விட்டது. அடக்கிக்கொண்டு, பென்சிலால் கீழே ஆங்கிலத்தில் ஒரு கேள்வி எழுதினேன்: எத்தனை பேர் நெய்ப்பந்தம் பிடித்தீர்கள்? ‘ஹவ் மெனி பீப்பிள் ஹெல்ட் நெய்ப்பந்தம்?’ மறுநாள் பதில் வந்தது. “சிக்ஸ் பீப்பிள் ஹெல்ட். மை ஹேண்ட் பெய்ன்.” முதல் நாள் ‘ஹோல்ட்’, மறுநாள் ‘ஹெல்ட்’. நான் சொல்லித்தரவில்லை. என் கேள்வியிலிருந்து அவளே எடுத்துக்கொண்டாள்.

அதிலிருந்து ஓய்வு பெறும்வரை எல்லாருக்கும் இரண்டு நோட்டு. ஒன்று பரீட்சை நோட்டு, அதில் சிவப்பு மை, மாதிரிக் கடிதம் எல்லாம் உண்டு. பரீட்சை இருக்கிறதே, பிள்ளையை நட்டாற்றில் விட முடியுமா? இன்னொன்று பென்சில் நோட்டு. அதில் நான் கேள்வி மட்டும் கேட்பேன். எல்லாரும் எழுதிக் குவித்தார்கள் என்று சொல்ல மாட்டேன். சிலர் பக்கத்துக்குப் பக்கம் மாடு வரைந்தார்கள். சிலர் கடைசிவரை ஒரு வரியைத் தாண்டவில்லை. ஒருதடவை ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர் பென்சில் நோட்டைப் புரட்டிப் பார்த்து, ‘பிழைகள் திருத்தப்படவில்லை’ என்று எழுதிவைத்துப் போனார். விளக்கம் கேட்டார்கள், கொடுத்தேன். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. பத்து வருடம் முன்னால் நானே அப்படித்தான் எழுதியிருப்பேன்.

கிட்சன் என்று பெயர் வாங்கிய பையன் இப்போது பைபாஸ் ரோட்டில் மெஸ் நடத்துகிறான். நல்ல கூட்டம். பரணில் ஃபைல் கிடைத்த மறுநாள், மனசு கேட்காமல் போய் உட்கார்ந்தேன். சாப்பிட்ட காசு வாங்க மாட்டேன் என்றான். நான் அந்தப் பழைய கதையை எடுத்து, தப்பு என்னுடையதுதான்டா என்றேன். “அட விடுங்க சார், அதெல்லாம் எப்பவோ” என்று சிரித்தான். பிறகு கல்லாவுக்குக் கீழேயிருந்து ஒரு காகிதத்தை எடுத்தான். கடை விஷயமாக ஏதோ லைசென்ஸ் பாரம், முழுக்க ஆங்கிலம். “நல்ல நேரத்துல வந்தீங்க. இதை ஃபில் பண்ணிக் குடுத்துடுங்க சார். இதுக்குன்னே ஒவ்வொரு தடவையும் ஆளைத் தேடிக்கிட்டுத் திரியறேன்.”

“நீயே எழுது, நான் பக்கத்துல இருக்கேன்” என்றேன்.

“வேணாம் சார். அடிச்சா வேற பாரம் வாங்கணும்.”

பில் போடும் பையனிடம் பென்சில் கேட்டு வாங்கிக் கொடுத்தேன். பேனாவால் அப்புறம் மேலே ஓட்டிக்கொள்ளலாம் என்றேன். கொஞ்ச நேரம் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தான். வாசலில் பார்சலுக்கு இரண்டு பேர் காத்திருந்தார்கள். கைலியில் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்தான். பெயரை எழுதினான். அப்பா பெயரை எழுதினான். விலாசத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டு, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டான்:

“சார், ஸ்ட்ரீட்டுக்கு ரெண்டு ‘ஈ’ தானே?”